புகை வராத எரிமலைகளுக்கு நடுவே நான்கு ராத்திரி

வணக்கம் மக்களே. கேமரா ஆடினால் கண்டுகொள்ளாதீர்கள், ஒரு கையில் காபி டம்ளர் இருக்கிறது, இந்தக் குளிரில் அதைக் கீழே வைக்க மனசு வரவில்லை. பிரான்சின் நடுப்பகுதியில் ஓவெர்ன் என்கிற இடத்தில் இருக்கிறேன். லியோனில் ஒரு மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தனியாக வந்து நான்கு ராத்திரி ஆகிறது, இன்று மதியம் திரும்ப வேண்டும். போன முறை சும்மா ஒரு நிமிட வீடியோ போட்டதற்கு, "எரிமலை என்று சொன்னீர்களே, எங்கே? வெறும் புல்மேடுதானே தெரிகிறது" என்று கேட்டு ஒரே கிண்டல். நியாயமான கேள்விதான், நான் முதல் நாள் வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபோதும் அதைத்தான் கேட்டேன்.

இந்த ஊர்க்காரர்களுக்கே ரொம்ப காலம் தெரியாது. 1751-ல் கெத்தார் என்கிற இயற்கை விஞ்ஞானி இந்தப் பக்கம் பயணம் வந்தபோது, வழியில் ஊர்களில் ஒரு கறுப்புக் கல்லைப் பார்க்கிறார். இது எங்கேயிருந்து வருகிறது என்று விசாரித்தால் வோல்விக் என்கிறார்கள். அந்தக் கல்லின் பின்னாலேயே போய்ப் பார்த்தவர், இந்த மலைகள் எல்லாம் அணைந்துபோன எரிமலைகள் என்று கண்டுபிடித்துப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் போய்ச் சொன்னார். அதுவரை பல தலைமுறையாக எரிமலைக் குழம்பை வெட்டி வீடு கட்டியவர்களுக்கு அது வெறும் கறுப்புக் கல்தான். கிளெர்மோன்-ஃபெரான் நகரத்தில் இருக்கிற பெரிய கதீட்ரல் முழுக்க அந்தக் கல்லில் கட்டியது, தூரத்திலிருந்து பார்த்தால் தீப்பிடித்துக் கரியானது போல இருக்கிறது. நாம் பாட்டிலில் பார்க்கிற வோல்விக் தண்ணீரும் இதே ஊர்தான், எரிமலைப் பாறைக்குள் வடிந்து வருகிற தண்ணீர்.

சரி, தங்குவது பற்றி நிறையப் பேர் கேட்டீர்கள். வண்டி மூன்றரை டன்னுக்குள் இருந்தால் இங்கே கார் ஓட்டுகிற லைசென்ஸே போதும். ராத்திரி நிறுத்துவதற்கு மோட்டார்ஹோம்களுக்கு என்றே ஊர் ஊராக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அதற்குப் பெயர் ஏர். நம்ம கலப்பை ஏர் இல்லை, பிரெஞ்சு ஏர். தண்ணீர் பிடிக்கலாம், பாத்திரம் கழுவிய தண்ணீரைத் திறந்துவிடலாம், அப்புறம் கழிப்பறை கேசட்டைக் கொட்டலாம், அதைப் பற்றி சாப்பிடுகிற நேரத்தில் யாராவது பார்ப்பீர்கள் என்பதால் இதோடு விட்டுவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சாதாரண பார்க்கிங்கில் தடை போர்டு இல்லையென்றால் வண்டிக்குள்ளே நீங்கள் தூங்குவது பிரச்சினை இல்லை, ஆனால் வெளியே நாற்காலி போட்டு, பக்கவாட்டுத் துணிக்கூரையை இழுத்துவிட்டால் அது நிறுத்துவது இல்லை, முகாமிடுவது என்று ஆகிவிடும், அதற்கு வேறு சட்டம். தனியாகப் போகிறவனுக்கு இன்னொரு தொல்லை, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வா வா வா, போதும்" என்று சொல்ல ஆள் கிடையாது. இறங்கு, பார், ஏறு, ஒரு அடி நகர்த்து, மறுபடி இறங்கு. நான்கு நாளில் கால் வலி மலை ஏறி வந்ததா, இதனால் வந்ததா தெரியவில்லை.

முதல் ராத்திரி புய் து தோம் மலையடிவாரத்து ஊர் ஒன்றில். 1,465 மீட்டர் உயரம், இங்கே வடக்கு தெற்காக ஒரே வரிசையில் நிற்கிற சுமார் 80 எரிமலைகளில் இதுதான் அண்ணன். 2018-ல் யுனெஸ்கோ இந்த வரிசையையும் பக்கத்தில் இருக்கிற பெரிய நிலப்பிளவையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டது. மேலே கார் போக முடியாது, 2012 முதல் பற்சக்கர ரயில்தான், கால் மணி நேரத்தில் ஏற்றிவிடுகிறது, உச்சியில் ரோமானியர் மெர்குரி கடவுளுக்குக் கட்டிய கோயிலின் இடிபாடு இருக்கிறது. எனக்குப் பிடித்தது வேறு கதை. பள்ளியில் அழுத்தத்துக்கு அலகு பாஸ்கல் என்று படித்தோமே, அந்தப் பாஸ்கல் கிளெர்மோன்-ஃபெரான்காரர். 1648 செப்டம்பரில் தன் அக்கா கணவர் பெரியேவிடம் சொல்லி, பாதரசக் குழாயை இந்த மலை மேலே தூக்கிப்போகச் சொன்னார். அடிவாரத்தைவிட உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது, மேலே போகப்போகக் காற்றின் அழுத்தம் குறையும் என்பதற்கு அதுதான் சாட்சி. ஐடியா மச்சான் கொடுத்தது, மலை ஏறி மூச்சு வாங்கியது அத்தான். குடும்பம் என்றால் எந்த நாட்டிலும் இப்படித்தான் போல.

ஆனால் "எங்கே எரிமலை" என்கிற கேள்விக்குப் பதில் புய் து தோமில் கிடைக்காது. அது குழம்பு கெட்டியாக இருந்ததால் வழியாமல் அப்படியே குவிந்து எழும்பிய மலை, உச்சியில் பள்ளமே இல்லை. பதில் பக்கத்தில் இருக்கிற பாரியூவில். மறுநாள் விடிவதற்கு முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு கிளம்பினேன். காட்டு வழி, அப்புறம் நீளமாக மரப்படிக்கட்டு, எல்லோரும் கண்டபடி நடந்து சரிவு கரையக் கூடாது என்பதற்காகப் போட்டது. விளிம்பில் ஏறி நின்றதும் உள்ளே பார்த்தால், மக்களே, ஒரு கிண்ணம். அளவெடுத்து வனைந்தது மாதிரி வட்டமான கிண்ணம், 90 மீட்டருக்கு மேல் ஆழம், உள்ளே முழுக்கப் புல். காற்று விளிம்பில் பிய்த்துக்கொண்டு போகிறது, அடியில் பனி அசையாமல் பால் ஊற்றியது போல நிற்கிறது. எட்டு மணிக்குள் நான் ஒருத்தன்தான். பத்து மணிக்கு இறங்கும்போது எதிரே மூன்று பள்ளிக்கூட வகுப்புகளும் நாலைந்து நாய்களும் ஏறி வருகின்றன. அடிவாரத்தில் தூங்கினால் கிடைக்கிற லாபம் அந்த இரண்டு மணி நேரம்தான், அதற்காகத்தான் நான் ஹோட்டலை விட்டுவிட்டு இந்தத் தகரப்பெட்டியில் சுற்றுகிறேன்.

இரண்டாவது ராத்திரி சேன்-நெக்தேர் பக்கம், பால்பண்ணை ஒன்றின் முற்றத்தில். இங்கே சில விவசாயிகள் ஒரு ராத்திரி இலவசமாக நிறுத்திக்கொள்ள விடுகிறார்கள், வாங்கியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் சீஸ் வாசனைக்கு நடுவே தூங்கி எழுந்து வாங்காமல் வர நமக்கு முகம் இருக்கிறதா. பண்ணையில் செய்வது என்றால் மேலே நீள்வட்டப் பச்சை அடையாளம் ஒட்டியிருக்கும், தொழிற்சாலையில் செய்வது சதுரம். பண்ணைச் சீஸைக் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை, கறந்த கையோடு செய்துவிட வேண்டும். அந்த அம்மா ஒரு துண்டு வெட்டிக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மண்வாசனையும் கொட்டை ருசியும் கலந்த மாதிரி இருந்தது. நன்றாக இருக்கிறது என்று என் பிரெஞ்சில் சொன்னதற்கு இன்னொரு துண்டு கிடைத்தது.

மூன்றாவது நாள் பவேன் ஏரி. பெஸ் ஊருக்குப் பக்கத்தில், காட்டுக்குள், கிட்டத்தட்ட முழு வட்டம். சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்னால் கீழேயிருந்து வந்த குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டு, நீர் ஒரே நேரத்தில் ஆவியாகி வெடித்ததில் உண்டான குழி. பிரான்சின் பெருநிலத்தில் கடைசியாக வெடித்த எரிமலைகளில் ஒன்று இது. ஆழம் 92 மீட்டர். அதைவிட விசித்திரம், மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும் கலப்பதே இல்லை, அறுபது மீட்டருக்குக் கீழே ஆக்சிஜனே கிடையாது. லத்தீனில் பயங்கரம் என்கிற அர்த்தத்திலிருந்து பெயர் வந்தது என்கிறார்கள், கல்லெறிந்தால் புயல் வரும், பாவம் செய்த ஊர் ஒன்று உள்ளே மூழ்கிக் கிடக்கிறது என்று கதைகள். சுற்றி நடக்க ஒரு மணி நேரம் போதும். நான் கல்லெறியவில்லை. நம்பிக்கை இல்லை, இருந்தாலும் எதற்கு வம்பு.

எறியாமலே அன்று ராத்திரி எனக்குப் புயல் வந்தது. மேலே பனிச்சறுக்கு ஊரான சூப்பர்-பெஸ்ஸில் நிறுத்தியிருந்தேன், சுமார் 1,300 மீட்டர். ராத்திரி இரண்டு மணிக்கு ஹீட்டர் நின்றுவிட்டது. வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தால் கனமாக இருக்கிறது, கேஸ் இருக்கிறது, ஆனால் வரவில்லை. டார்ச் அடித்து எழுதியிருப்பதைப் படித்தால் பியூட்டேன். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்கு வந்ததும் ஆவியாவதை நிறுத்திவிடும், உள்ளே திரவமாகவே உட்கார்ந்திருக்கும். குளிர் இடத்துக்குப் புரொப்பேன்தான் வேண்டும், அது மைனஸ் நாற்பது வரை வேலை செய்யும். வண்டி வாடகைக்குக் கொடுத்தவர்களிடம் மலைக்குப் போகிறேன் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தேன், காலையில் போன் செய்து கேட்டால் "அக்டோபர் தொடக்கம்தானே" என்கிறார்கள். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, ஜன்னலில் என் மூச்சே தண்ணீராக வழிவதைப் பார்த்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். வண்டி எடுக்கும்போது அந்தச் சின்னக் கதவைத் திறந்து சிலிண்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படித்துவிடுங்கள்.

நேற்று தெற்கே காந்தால் மலைப்பகுதி. கோந்தாவில் புரொப்பேன் வாங்கி மாட்டிவிட்டு, மூரா வழியாக பா து பேரோல் கணவாய்க்கு ஏறினேன், 1,588 மீட்டர், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். கடைசி கிலோமீட்டர்களில் சாலை ஒடுங்கிவிடுகிறது, எதிரே இன்னொரு மோட்டார்ஹோம் வந்தால் இரண்டு பேரும் கண்ணாடியை மடக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். கணவாயிலிருந்து புய் மரி உச்சிக்குச் செங்குத்தாகப் படிகள், இருநூறு மீட்டர் ஏற்றம். மேலே நின்று சுற்றிப் பார்த்தால் பாரியூ மாதிரி கிண்ணமும் இல்லை, கூம்பும் இல்லை, எல்லாப் பக்கமும் பள்ளத்தாக்குகள் விசிறி மாதிரி பிரிந்து போகின்றன. இங்கேயும் எரிமலை எங்கே என்றுதான் தோன்றும். அங்கே வைத்திருக்கிற விளக்கப் பலகையைப் படித்தபோதுதான் உறைத்தது, நான் மதியத்திலிருந்து ஓட்டிக்கொண்டிருந்ததே அதன் உடம்பு மேல்தான். காந்தால் முழுவதும் ஒரே எரிமலை, குறுக்களவு சுமார் 70 கிலோமீட்டர், 1 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் கட்டத் தொடங்கியது, அப்புறம் பனியாறுகள் வந்து சுரண்டிச் சுரண்டி இந்தப் பள்ளத்தாக்குகளை வெட்டியிருக்கின்றன.

இப்போது சலேர் ஊருக்கு வெளியே நிற்கிறேன். பின்னால் மணிச்சத்தம் கேட்கிறது பாருங்கள், செம்பட்டை நிறத்தில் கொம்பு வளைந்த மாடுகள், சலேர் மாடு என்றே பெயர், ராத்திரி முழுக்க அந்தச் சத்தம்தான் தாலாட்டு. நேற்று ராத்திரி லு புய் என்கிற ஊர்ப்பக்கத்துப் பச்சைப் பருப்பில் சாம்பார் வைத்துப் பார்த்தேன், எரிமலை மண்ணில் விளைகிற பருப்பு என்று பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். முக்கால் மணி நேரம் கொதித்தும் குழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. சுண்டல் என்று பெயர் மாற்றிச் சாப்பிட்டுவிட்டேன். பாதி மிச்சம் இருக்கிறது, காபி முடிந்ததும் அதுதான் டிபன்.