சீ, லுக், வாட்ச்: எதை எங்கே போடுவது?

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "சார், 'ஐ ஆம் சீயிங் டிவி'ன்னு சொன்னேன், தோழி தப்புன்னு சிரிச்சா. சீ, லுக், வாட்ச் மூணுமே பார்க்கிறதுதானே?"

தோழி சொன்னது சரிதான்மா. சிரித்திருக்க வேண்டாம். நாம் டிவி பார்ப்பதில் தொடங்கி வேலை பார்ப்பது, பெண் பார்ப்பது வரை 'பார்' ஒன்றை வைத்தே ஓட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அப்படி முடியாது.

உங்கள் ஊர் சில்வர் பீச்சுக்கே வருவோம். கரையில் நிற்கிறீர்கள், தூரத்தில் ஒரு படகு தெரிகிறது. நீங்கள் தேடவில்லை, தானாகக் கண்ணில் படுகிறது. அது சீ: 'ஐ கேன் சீ எ போட்'. தம்பி கவனிக்கவில்லை, கையை நீட்டி அவனுக்குக் காட்டுகிறீர்கள்: 'லுக் அட் தட் போட்'. வேண்டுமென்றே கண்ணைத் திருப்புவது லுக். அப்புறம் அது கரைக்கு வருகிற வரைக்கும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். அதுதான் வாட்ச். அசைகிற, மாறுகிற ஒன்றைத் தொடர்ந்து கவனிப்பது. டிவிக்கும் கிரிக்கெட்டுக்கும் வாட்ச் வருவது இதனால்தான். 'லுக் அட் தி டிவி' என்றால் கடையில் நின்று அந்தப் பெட்டியைப் பார்ப்பது போல ஆகிவிடும்.

லுக்குக்குப் பின்னால் எதைப் பார்க்கிறோம் என்று சொன்னால் 'அட்' கட்டாயம். இங்கே புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிரெஞ்சில் 'ரெகார்தே' என்ற ஒரே சொல் லுக்குக்கும் வருகிறது, வாட்சுக்கும் வருகிறது. நடுவில் 'அட்' மாதிரி எதுவும் கிடையாது. அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் அதை விழுங்கிவிடுவார்கள்.

சரி, 'சீயிங்' ஏன் கூடாது? கண்ணுக்குத் தெரிவது நாம் செய்கிற வேலை இல்லை, ஒரு நிலை. தமிழிலும் 'கடல் எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று யாராவது பேசுகிறோமா? அதனால் அந்த அர்த்தத்தில் 'இங்' ஒட்டாது, 'கேன் சீ' போதும். சந்திப்பது என்ற அர்த்தத்தில் மட்டும் தாராளமாக வரும்: 'ஐ ஆம் சீயிங் தி டாக்டர் டுமாரோ'. ஆனால் வீட்டில் பெண் பார்க்கிறார்கள் என்பதற்காக ஆபீசில் போய் 'ஐ ஆம் சீயிங் எ கேர்ள்' என்று சொல்லிவிடாதீர்கள் தம்பிகளா. காதலிக்கிறேன் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கல்யாணம் வேறு பக்கம் போய்விடும்!

சினிமாவைப் பற்றியும் கேட்டிருக்கிறார். அதில் கொஞ்சம் தாராளம் உண்டு. தியேட்டரில் பார்த்த படத்துக்கு 'ஐ சா தட் மூவி' என்று இயல்பாகச் சொல்வார்கள், 'வாட்ச்ட்' என்றாலும் தப்பில்லை. வீட்டில் டிவியிலோ போனிலோ உட்கார்ந்து பார்த்தது என்றால் 'வாட்ச்ட்' பொருத்தம். உங்கள் வாக்கியத்தை 'ஐ ஆம் வாட்சிங் டிவி' என்று மாற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். 'தி' கூட வேண்டாம்.