சின்ன ரேஞ்சைத் தூக்குறதுக்கு முன்னாடி: குடியாத்தம் தங்கச்சியோட சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. வந்ததுல இருந்து எனக்கு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. படிக்கிறேன், கேளுங்க.

"அண்ணா, எங்க நிலத்து மோட்டார் ஸ்டார்ட்டர்ல ஒரு சென்சார் மாட்டியிருக்கேன். எப்ப ஓட ஆரம்பிச்சுது, எப்ப நின்னுதுன்னு வினாடிக் கணக்குல ஜோடி ஜோடியா, ஒரு ஜோடி ஒரு ரேஞ்சுன்னு, பைத்தான் புரோகிராம் லிஸ்ட்ல விழுது. அதுல 60 வினாடிக்குக் கீழ இருக்கிற ரேஞ்சையெல்லாம் எடுத்துடணும். ஃபார் லூப் போட்டு ரிமூவ் கொடுத்தேன். சிலது போகுது, சிலது அப்படியே நிக்குது. ஏண்ணா? தினமும் சாயங்காலம் மோட்டார் எவ்ளோ நேரம் ஓடுச்சுன்னு அப்பாவுக்குச் சொல்லணும்."

கடைசி வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, அதுக்குத் திரும்பி வரேன்.

முதல்ல ஏன் நிக்குதுன்னு பார்த்துடலாம். நம்ம வீடியோ தொடர்ந்து பார்க்கிறவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான்: நடந்துக்கிட்டு இருக்கிற லிஸ்ட்டை நடுவுல வெட்டாதீங்க. ஸ்கிரீன்ல நாலு ரேஞ்ச் போட்டிருக்கேன். 0 முதல் 20. 30 முதல் 45. 50 முதல் 200. 210 முதல் 240. லூப் முதல் இடத்துல நிக்குது. 0-20 சின்னது, தூக்கியாச்சு. தூக்கின உடனே மிச்ச மூணும் ஒரு இடம் முன்னாடி நகர்ந்து வந்துடும். 30-45 இப்ப முதல் இடத்துக்கு வந்துடுச்சு. ஆனா லூப் ரெண்டாவது இடத்துக்குப் போயிடுச்சு. அங்க இருக்கிறது 50-200. அது பெருசு, விட்டுடும். அடுத்து 210-240, அது போயிடும். முடிவுல 30-45 தப்பிச்சு உட்கார்ந்திருக்கும். யாருமே அதைப் பார்க்கலை. ரெண்டு சின்ன ரேஞ்ச் அடுத்தடுத்து வந்தா ரெண்டாவது தப்பிச்சுடும். தங்கச்சி, உங்களுக்கு "சிலது" நின்னதுக்குக் காரணம் இதுதான்.

வழி சுலபம். வெட்டாதீங்க, வேண்டியதைப் பொறுக்கி புது லிஸ்ட் கட்டுங்க. லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷன் ஒரே வரி: முடிவுல இருந்து ஆரம்பத்தைக் கழிச்சா 60-ம் அதுக்கு மேலயும் வர்றதை மட்டும் வச்சுக்கோ. அவ்வளவுதான். ஜாவா மொழிக்காரங்க இதே லூப்பைப் போட்டா பெரும்பாலும் கன்கரண்ட் மாடிஃபிகேஷன் எக்செப்ஷன்னு, அதாவது நடந்துக்கிட்டு இருக்கும்போதே லிஸ்ட்டை மாத்திட்டேன்னு, கத்தி நின்னுடும். எனக்கு அது பிடிக்கும், பைத்தான் மாதிரி சத்தமில்லாம தப்பு பண்றதில்லை. ஜாவா 8-ல இருந்து ரிமூவ் இஃப் இருக்கு, அதைப் போடுங்க. சி பிளஸ் பிளஸ்ல ரிமூவ் இஃப் மட்டும் போட்டுட்டு வெக்டர், அதாவது அங்கத்த லிஸ்ட், சின்னதாகலையேன்னு கேட்கிறாங்க. அது வச்சுக்க வேண்டியதை முன்னாடி தள்ளுது, அவ்வளவுதான், வாலை நாமதான் எரேஸ் பண்ணணும். 2020 ஸ்டாண்டர்டுல எரேஸ் இஃப் வந்த பிறகு ஒரே அழைப்புல வேலை முடிஞ்சுடும்.

சரி, கேள்விக்குப் பதில் சொல்லியாச்சு. ஆனா இந்தப் பதிலை மட்டும் எடுத்துட்டுப் போனீங்கன்னா உங்க அப்பாவுக்குத் தப்பான கணக்கு சொல்லுவீங்க. அதுதான் என்னை உறுத்துது.

நம்ம பக்கத்துல சாயங்காலம் வோல்டேஜ் எப்படி ஆடும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும், சென்சார் ஒரு நொடி கண்ணை மூடும், திரும்பத் திறக்கும். அப்ப லிஸ்ட்ல என்ன விழும்? 0 முதல் 40. 42 முதல் 90. 93 முதல் 150. நீளம் பாருங்க: 40, 48, 57. மூணுமே 60-க்குக் கீழ. உங்க ஒரு வரி கோடு மூணையும் கச்சிதமா தூக்கிடும். இப்ப கோட்ல பிழையே கிடையாது! ஆனா ரெண்டரை நிமிஷம் தண்ணி இறைச்ச மோட்டார், கணக்குல ஓடவே இல்லை. அப்பா வந்து, "இன்னாம்மா, மோட்டாரு ஓடிச்சா இல்லியா?"ன்னு கேட்டா நீங்க இல்லைன்னு சொல்லுவீங்க.

மழைக்கு அப்புறம் பாலாத்துல தண்ணி துண்டு துண்டாத்தான் தெரியும். மேல பார்த்தா தனித்தனிக் குட்டை, மணலுக்கு அடியில ஒரே ஓட்டம். இந்த மூணு ரேஞ்சும் அப்படித்தான். அதனால முதல்ல சேருங்க, அப்புறம் கழிங்க. ஆம்பூர்ல இருந்து ஒரு தம்பி முன்னாடி காலண்டர் கணக்கு கேட்டப்பவும் இதைத்தான் சொன்னேன், இன்னும் சொல்லிக்கிட்டே இருப்பேன். சேருங்க, அப்புறம் கழிங்க.

எப்படிச் சேர்க்கிறது? ஆரம்ப எண்ணை வச்சு வரிசைப்படுத்துங்க. ஒண்ணைக் கையில வச்சுக்கோங்க. அடுத்தது கையில இருக்கிறதோட முடிவுல இருந்து 5 வினாடிக்குள்ள ஆரம்பிச்சா ஒட்டிடுங்க, இல்லைன்னா கையில இருக்கிறதைப் புது லிஸ்ட்ல போட்டுட்டு அடுத்ததைக் கையில எடுங்க. கடைசியா கையில நிக்கிறதையும் போட மறக்காதீங்க. ஒட்டும்போது ஒரு இடம் கவனம். புது முடிவு ரெண்டு முடிவுல எது பெருசோ அது. 100 முதல் 500 கையில இருக்கு, அடுத்து 120 முதல் 180 வருதுன்னு வைங்க. கண்ணை மூடிக்கிட்டு 180-ஐ முடிவா வச்சா 320 வினாடி காணாமப் போயிடும்.

இப்ப மறுபக்கம். சும்மா ஒட்டிக்கிட்டே போனாலும் ஆபத்து. ஸ்டார்ட்டர்ல இருக்கிற ரிலே, அதாவது மின்சார சுவிட்ச், நடுங்குது, ஒரு வினாடி ஆன், நாலு வினாடி ஆஃப், இப்படி 20 தடவை. 5 வினாடி விதியில எல்லாம் ஒட்டி 96 வினாடி ரேஞ்சா எழுந்து நிக்கும். 60-ஐத் தாண்டிடுச்சு, உள்ள வந்துடும். உண்மையில ஆன்ல இருந்தது 20 வினாடிதான். அதனால ஒட்டும்போதே உள்ளுக்குள்ள உண்மையா ஆன்ல இருந்த வினாடியையும் கூட்டிக்கிட்டே வாங்க. முதல் உதாரணத்துல 150-க்கு 145 வரும். இதுல 96-க்கு 20. பார்த்த உடனே எது மோட்டார், எது நடுக்கம்னு தெரிஞ்சுடும். வெட்டுறதை அந்தக் கூட்டுத்தொகையை வச்சு வெட்டுங்க.

இது நான் கண்டுபிடிச்சதில்லை. 1964-ல ஃபிரான்ஸ்ல மாத்தெரோன், செர்ரான்னு ரெண்டு பேர் இதை ஒரு கணிதமாவே ஆரம்பிச்சாங்க. கிட்ட கிட்ட இருக்கிற ஓட்டையை அடைக்கிறதுக்கு குளோஸிங், சின்னத் துணுக்கை நீக்குறதுக்கு ஓப்பனிங்னு பேரு. இன்னைக்கு மருத்துவ ஸ்கேன் படத்துல துணுக்குப் புள்ளியைத் துடைக்கிற மென்பொருள்லயும் இதைப் பார்க்கலாம். படத்துல ரெண்டு பரிமாணம், உங்க லிஸ்ட்ல ஒண்ணு. அங்கேயும் எதை முதல்ல செய்றோம்ங்கிறதைப் பொறுத்து விடை மாறும்.

சின்னதா இன்னும் ரெண்டு. முடிவு எண் உள்ளே சேருமா சேராதான்னு முடிவு பண்ணிக்கோங்க. 10 முதல் 14 வரை, 14-ம் சேர்த்தின்னா எண்கள் அஞ்சு, கழிச்சா நாலுதான் வரும். கம்ப்யூட்டர் விஞ்ஞானி டெய்க்ஸ்ட்ரா 1982-லேயே ஆரம்பம் சேர்த்தி, முடிவு சேர்க்காம வைங்கன்னு எழுதிட்டார். அப்படி வச்சா கழிச்சதுதான் நீளம், பைத்தான் ரேஞ்சும் அப்படித்தான். அடுத்தது, நேரத்தைப் புள்ளி வச்ச எண்ணா வச்சிருந்தீங்கன்னா, பைத்தான்ல 0.3-ல இருந்து 0.1 கழிச்சுப் பாருங்க. 0.19999999999999998 வரும். 0.2-க்குக் கீழ இருக்கிறதைத் தூக்குன்னா சரியா 0.2 நீளம் உள்ளதும் போயிடும். மில்லி வினாடியா, முழு எண்ணா வைங்க.

அந்த 5 வினாடி எங்க இருந்து வந்ததுன்னு நீங்க கேட்பீங்க, கேட்கணும். நான் உதாரணத்துக்குப் போட்டது. உங்க மோட்டாருக்கு எதுன்னு உங்க தரவுதான் சொல்லும். எதையும் வெட்டாம, ஒரு வாரத்து ஆஃப் இடைவெளிகளை மட்டும் எடுத்து சின்னதுல இருந்து பெருசா வரிசைப்படுத்திப் பாருங்க. வோல்டேஜ் ஆட்டத்துல வர்ற இடைவெளி சில வினாடியில குவிஞ்சிருக்கும், அப்பா கையால நிறுத்தினது நிமிஷக் கணக்குல இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல வெறிச்சோடி ஒரு இடம் தெரிஞ்சா, அங்க எண்ணை வைங்க. அந்த லிஸ்ட்டை எனக்கும் அனுப்புங்கம்மா, அடுத்த வீடியோல அதையே திறந்து வச்சுப் பார்க்கலாம்.