இறகு இருக்கட்டும், தொப்பியைப் பாருங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஆப்பிரிக்காவின் குபா இன ஆண்களின் தலையணி பெரிதும் காட்டுவது பதவியையா, ஊரில் ஒருவன் ஆளாகிவிட்டதையா என்பது இன்றைய தலைப்பு. பதவிதான் என்றார் எதிரணி நண்பர். அவர் பேசிய நேரம் முழுக்க மேடையில் கழுகு இறகாகவே பறந்தது!

காங்கோவில் காசாய், சங்குரு ஆறுகளுக்கு இடையே இருக்கும் குபா அரசில் பட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. தலைநகர் நிஷெங்கில் பட்டத்துக்கேற்ற இறகு உண்டு. கழுகு இறகு வைத்தவர் பெரிய தலைவர். சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த இறகை எதில் செருகுகிறார்கள், ஐயா?

லாகெட்டில். ரஃபியா பனை நாரில் பின்னிய சின்னக் குல்லா அது. உச்சந்தலையில் மட்டும் உட்காரும். வெயிலை மறைக்காது, மழைக்கும் ஆகாது. தலையைக் கவ்விப் பிடிக்காததால் ஓர் உலோக ஊசியை முடியோடு சேர்த்துக் குத்தித்தான் நிறுத்த வேண்டும். இவ்வளவு சிரமப்பட்டு அதை ஏன் அணிகிறார்கள்? ந்கான் என்ற சடங்கை முடித்தவனுக்கு உரிய தொப்பி அது. பையன்கள் ஊரை விட்டு விலகியிருந்து, மூத்தவர்களிடம் மரபைக் கற்று, ஆண்களாகத் திரும்புகிறார்கள். அப்போது லாகெட் கிடைக்கிறது. அதற்கு எந்தப் பட்டமும் வாங்கியிருக்க வேண்டியதில்லை. இறகெல்லாம் அப்புறம் வருவது, சிலருக்கு வராமலே போவது.

ந்தோப் எனப்படும் சிற்பங்களையும் எதிரணியினர் சான்றாக எடுத்து வைத்தார்கள். 1908-இல் நிஷெங் போன ஹங்கேரிய ஆய்வாளர் எமில் டோர்டே வாங்கி, இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் மரச்சிலைகள். அவற்றின் தலையில் முன்பக்கம் தட்டையாக நீண்ட ஷோடி என்ற தொப்பி. மறுக்கவில்லை. ஆனால் அவை அரசர்களின் சிலைகள். அரசரின் சிலையில் அரசருடைய தொப்பி இல்லாமல் வேறென்ன இருக்கும்? அதை வைத்து ஊர் ஆண்கள் எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்லலாமா? மணியும் சோழியும் தைத்த தொப்பிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் ஜொலிக்கும். வெறும் நார்க்குல்லா முன்னால் யாரும் நின்று படம் எடுப்பதில்லை. நண்பரும் பெட்டி பெட்டியாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் போல!

இன்னொன்று. குபா மக்கள் இறந்தவரை ரஃபியா துணி உடுத்தித்தான் அடக்கம் செய்வார்கள். கடையில் வாங்கிய துணி போதாது. ரஃபியா உடுத்திப் போனால்தான் முன்னோர்கள் இவர் நம்மவர் என்று அடையாளம் காண்பார்கள் என்பது நம்பிக்கை. லாகெட்டும் அதே நார்தான், நடுவர் அவர்களே. அந்த நார் முதலில் சொல்வது இவன் யாருடைய ஆள் என்பதை. என்ன பதவி என்பது அதற்கு அடுத்த கேள்வி.

பட்டங்கள் ஏராளம் என்று எதிரணி அடுக்கியது. ஏராளமாகவே இருக்கட்டும். எந்தப் பட்டமும் வாங்காத ஆணை அவர்கள் எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்? அவர் தலையிலும் லாகெட் இருக்கிறதே. இதற்குப் பதில் சொல்லட்டும்; என் மீதி நேரத்தையும் அவர்களே எடுத்துக்கொள்ளலாம்.