கம்பின் தோலே அதற்கு டப்பா

(தலைப்பு: காலைக் கஞ்சிக்கு ஏற்றது வீட்டில் உடைத்த தானியமா, கடையில் வாங்கிய மாவா? ‘வீட்டில் உடைத்த தானியமே’ என்ற அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, திருப்புல்லாணி என்று பஸ் பிடித்து வந்து மணலில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தங்கை ஒரு சத்துமாவு பாக்கெட்டைத் தூக்கிக் காட்டி, ‘கத்தரிக்கோல், கொதிதண்ணி, மூணு நிமிஷம், முடிஞ்சுது’ என்றார். கைதட்டு வாங்கினார். நானும் தட்டினேன், நல்ல பேச்சு. ஆனால் அந்த மூன்று நிமிஷத்துக்கு முன்னால் அந்த மாவு எத்தனை மாதம் அடைந்து கிடந்தது என்று அவர் சொல்லவில்லை. நடுவர் அவர்களே, உங்கள் மேசையில் இரண்டு கிண்ணம் வைத்திருக்கிறேன். இப்போது தொடாதீர்கள், கடைசியில் வருகிறேன்.

கம்பு மணி சின்னது, ஆனால் அதன் உடம்புக்கு முளை பெரிசு. அதனால் எண்ணெயும் அதிகம், 100 கிராமில் ஏறக்குறைய 5 கிராம். தோல் மூடியிருக்கிற வரைக்கும் அந்த எண்ணெயும், எண்ணெயைச் சிதைக்கிற நொதியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. உடைத்தோமா, இரண்டும் கலந்துவிடும். காற்றும் ஈரமும் துணைக்கு வந்தால் ஒரு வாரம், பத்து நாளில் மாவு காறும், கசக்கும், சிக்கு வாடை அடிக்கும். நம் கரையோரக் காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டுமா? உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் மறுநாள் தண்ணி விடுகிறது. காலையில் காய்ந்த வத்தல் சாயங்காலம் நமத்துப் போகிறது. இந்த ஊரில் மாவைச் சேர்த்து வைப்பதும் ஐஸ் இல்லாமல் மீனை வைப்பதும் ஒன்றுதான். முழு மணியாக வைத்தால் அதே கம்பு மாதக்கணக்கில் கெடாது. வெயிலில் நன்றாகக் காயவைத்து, சூடு ஆறிய பிறகு தகர டின்னில் போட்டு, நாலு கொத்துக் காய்ந்த வேப்பிலையைப் போட்டு மூடினால் போதும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

அப்படியானால் கம்பெனி மாவு மட்டும் எப்படி மாதக்கணக்கில் நிற்கிறது? வழி இரண்டு. ஒன்று, சூடேற்றி நொதியை அடக்குவது. அதில் எனக்குக் குறை இல்லை, வீட்டிலும் அதைத்தான் வறுத்துச் செய்கிறோம். இன்னொன்று, தவிட்டையும் முளையையும் எடுத்துவிடுவது. எண்ணெய் போனால் காறல் போச்சு, கூடவே நாம் எதற்காகச் சிறுதானியத்துக்கு வந்தோமோ அதுவும் போச்சு. கடையில் பாலிஷ் போட்டு வெள்ளை வெளேர் என்று வருகிற குதிரைவாலியைப் பாருங்கள். அரிசி போல வெள்ளை, அரிசி போலவே மொழுமொழு. தவிடோடு இருக்கிற குதிரைவாலி பழுப்பு ஓடும், வண்டும் சீக்கிரம் விழும். வண்டு ஏமாறாது!

பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படியுங்கள். எடையில் எது அதிகமோ அதை முதலில் போட வேண்டும், அடுத்தது அடுத்தது என்று இறங்கு வரிசையில் எழுத வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. முன்பக்கத்தில் கம்புக் கதிர் படம். பின்பக்கத்தில் இரண்டாவது பெயரே சர்க்கரை என்றால் அந்தப் பாக்கெட்டில் கம்புக்கு அடுத்து நீங்கள் அதிகம் வாங்கியது சர்க்கரை.

எதிரணியில் ஒருவர் ‘உமியை யார் எடுப்பது?’ என்று கேட்டார். நல்ல கேள்வி, பதிலும் இருக்கிறது. குதிரைவாலி, சாமை, வரகு மூன்றுக்கும் ஒட்டின உமி உண்டு. அதை வீட்டில் எடுக்கச் சொல்ல மாட்டேன். மில்லில் உமி மட்டும் நீக்கியதாகக் கேட்டு வாங்குங்கள். ஆனால் கம்புக்கும் கேழ்வரகுக்கும் சோளத்துக்கும் அந்த உமி கிடையாது, களத்தில் அடிக்கும்போதே மணி தனியாக வந்துவிடும். வீட்டுக் கஞ்சிக்கு இந்த மூன்றில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, மணி பொடிசாக இருப்பதால் எளிதில் பாலிஷ் போடவும் முடியாது. அந்த வகையில் ஏமாற்ற முடியாத தானியம்.

இப்போது கணக்கோடு சொல்கிறேன், குறித்துக்கொள்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். நாலு பேர் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு கிலோ கம்பு. முதலில் ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் கல்லுப்பைக் கரைத்து அதில் கம்பைக் கொட்டுங்கள். பதர் மிதக்கும். அதோடு கருத்து நீண்ட துணுக்குகள் மிதந்தால் அது தேனொழுகல் நோய் பிடித்த கதிரிலிருந்து வந்தது, நஞ்சு. வடித்து எறிந்துவிட்டு, கம்பை நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசி, மொறுமொறு என்று காயவையுங்கள். பிறகு அடிகனமான சட்டியில், சின்னத் தீயில், கால் கிலோ கால் கிலோவாக 5, 6 நிமிஷம் வறுங்கள். மணம் எழும்பி ஒன்றிரண்டு மணி பொரிந்தால் இறக்கிவிடலாம். அதற்கு மேல் போனால் கஞ்சி கருகல் வாசம்தான் அடிக்கும். ஆறியதும் மிக்சி ஜாரில் பாதி அளவு போட்டு, இரண்டு மூன்று விநாடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஓட்டி, நாலைந்து தரம். ஒவ்வொரு மணியும் மூன்று நாலாக உடைந்தால் சரி. விடாமல் ஓட்டினால் ஜாரின் அடியில் மாவு, மேலே முழுக் கம்பு. ரவைச் சல்லடையில் சலித்தால் குருணை மேலே நிற்கும், கீழே விழுகிற மாவைத் தனியாக வையுங்கள். தண்ணீர் தெளித்துப் பிசறி உடைக்கிற பழைய முறையும் நல்லதுதான், தோல் லேசாகக் கழன்று கஞ்சி வழுவழு என்று வரும். ஆனால் ஈரத்தோடு உடைத்ததை அன்றைக்கே அடுப்பில் ஏற்றியாக வேண்டும். வறுத்து உடைத்ததுதான் ஒரு வாரம் தாங்கும்.

மில்லில் கொடுத்து உடைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இது முண்டு மிளகாய்ச் சீமை, அதற்குப் புவிசார் குறியீடே 2023-ல் கிடைத்திருக்கிறது. பெருமைதான், ஆனால் மிளகாய் அரைத்த மெஷினில் அடுத்ததாகக் கம்பைக் கொட்டினால் பிள்ளைகள் கஞ்சியை எட்டிக்கூடப் பார்க்காது! தானியத்துக்கென்று தனி மெஷின் இருக்கிற மில்லாகப் பாருங்கள். அரைத்து வருவது சூடாக இருக்கும், பேப்பரில் பரப்பி ஆறவிட்டுத்தான் மூட வேண்டும்.

இரவு படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் குருணை, சுமார் 150 கிராம், 2 டம்ளர் தண்ணீரில் ஊறட்டும். காலையில் 4 டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஊறினதைத் தண்ணீரோடு ஊற்றுங்கள். முதல் 5 நிமிஷம் கரண்டியை விடக் கூடாது. குருணை கனம், அடியில் போய் உட்கார்ந்து பிடிக்கும். கெட்டிப்பட ஆரம்பித்தால் தானாக மிதக்கும், அப்புறம் தீயைக் குறைத்து மூடி 15, 20 நிமிஷம் விடலாம். இறக்குவதற்கு 5 நிமிஷம் முன்னால், தனியாக வைத்த மாவில் ஒரு கரண்டியைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் கஞ்சி சேர்ந்து வரும். கொதிக்கிற கஞ்சியில் மாவை அப்படியே கொட்டினால், வெளிப்பக்கம் வெந்து தோல் கட்டி, உள்ளே பச்சை மாவாகக் கட்டி விழும். கையை நனைத்துத் தொட்டுப் பாருங்கள், ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. ஆறினால் இன்னும் இறுகும், ஆகவே அடுப்பில் கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும். குக்கரில் வைப்பவர்கள் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், நுரை பொங்கி விசிலை அடைக்கும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு பாடம் உண்டு. போர் தண்ணீர் பல இடத்தில் உவர். கஞ்சியில் பாசிப்பருப்பு போடுகிறவர்கள், ‘எவ்வளவு நேரம் எரித்தாலும் பருப்பு விரை விரையாக நிற்கிறது’ என்று பருப்பைத் திட்டுவார்கள். குற்றம் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பிலும் மக்னீசியத்திலும். கஞ்சிக்குக் காவிரித் தண்ணீரோ மணல் ஊற்றுத் தண்ணீரோதான். மோரைக் கொதிக்கிற கஞ்சியில் ஊற்றினால் திரியும், கை பொறுக்கிற சூட்டுக்கு வரட்டும். கருப்பட்டி போடுகிறவர்கள் தனியாகக் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், மண் இருக்கும். தொட்டுக்க நெத்திலிக் கருவாடு என்றால் கஞ்சிக்கு உப்பே வேண்டாம். குடித்த கையோடு டீக்கடைக்குப் போகாதீர்கள், டீயின் துவர்ப்பு கம்பின் இரும்புச் சத்தை உடம்பில் ஒட்டவிடாது. ஒரு துண்டு மாங்காயோ நெல்லிக்காயோ கடியுங்கள், அது ஒட்டவைக்கும்.

எதிரணி ஓட்ஸையும் இழுத்தது. ஓட்ஸும் முழுத் தானியம்தான், மறுக்கவில்லை. ஆவியில் வேகவைத்து நசுக்கியதால்தான் அது சீக்கிரம் வேகிறது. ஆனால் எந்தத் தானியமானாலும், எவ்வளவு பொடியாகிறதோ அவ்வளவு வேகமாகச் செரித்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். அதனால்தான் மூன்று நிமிஷ ஓட்ஸை விட, உடைத்து மட்டும் விற்கிற ஓட்ஸ் மெதுவாக ஏற்றுகிறது. எங்கள் அணி மாவைத் தள்ளி வைத்துக் குருணையைப் பிடிப்பதும் இதற்குத்தான். சர்க்கரை நோயாளிகளுக்கு நேராகவே சொல்கிறேன், கம்பு மருந்து இல்லை. நாலு கிண்ணம் குடித்தால் நாலு கிண்ணத்துக்கு உண்டான சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

கடைசியாக, ‘பெண்களை மறுபடி உரலுக்கு அனுப்புகிறீர்களா?’ என்று கேட்டார்களே, அது கூர்மையான கேள்வி. உரலில் குத்தி இடுப்பொடிந்த காலத்தைக் கொண்டாட நான் வரவில்லை, அது போனது நல்லதுக்குத்தான். இன்றைய கணக்கு: அலசிக் காயப்போடுவதும் வெயில் வேலையும் போக, வறுத்து உடைத்துச் சலிக்க ஞாயிற்றுக்கிழமை 40 நிமிஷம். இரவில் ஊறப்போட 2 நிமிஷம். காலையில் 25 நிமிஷம், அதில் கரண்டி பிடிப்பது 5. விடியும் முன் நாட்டுப்படகில் போகிறவருக்கு இரவே கெட்டியாகக் காய்ச்சி வைத்தால், தூக்குச்சட்டியில் கட்டியாக எடுத்துப் போய் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம். இந்த வேலை எதற்கும் மீசை தடை இல்லை. சல்லடை ஆணுக்கும் ஆடும்!

மணி அடித்துவிட்டீர்கள், அரை நிமிஷம் கொடுங்கள். அந்த இரண்டு கிண்ணத்திலும் கம்பு மாவு. ஒன்று இன்று காலை உடைத்தது. மற்றது பச்சைக் கம்பை அரைத்து மூன்று வாரம் அலமாரியில் கிடந்தது. எது எது என்று நான் சொல்லப் போவதில்லை. சூடு பறக்கும் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உள்ளங்கையில் தேய்த்து, மோந்து பாருங்கள். பிறகு தீர்ப்பை எழுதுங்கள்.