கரைத்தது வீட்டாரே!

நடுவர் அவர்களே, இறுதி ஆட்டம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் மைதானத்திலேயே உட்கார்ந்திருக்கும் தூத்தூர் மக்களே, வணக்கம். விளையாட்டு வீரர்களின் சம்பாத்தியத்தைப் பெரிதும் கரைப்பது வீட்டாரா, வெளியாட்களா என்பது தலைப்பு. வீட்டாரே என்று பேச வந்திருக்கிறேன். என் வீட்டாரும் முன்வரிசையில்தான் இருக்கிறார்கள். ராத்திரி சோறு கிடைக்குமோ என்னவோ!

எதிரணி அண்ணன் இரண்டு பேரைக் கொண்டுவந்து நிறுத்தினார். பேஸ்பால் வீரர் ஒட்டானியின் கணக்கிலிருந்து அவருடைய மொழிபெயர்ப்பாளரே ஏறக்குறைய 1.7 கோடி டாலரை எடுத்தார். உசைன் போல்ட் ஜமைக்காவில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் போட்டிருந்த 1.27 கோடி டாலர் காணாமல் போனது. இரண்டும் உண்மை. ஆனால் அண்ணன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த மொழிபெயர்ப்பாளருக்கு 2025-இல் நான்கே முக்கால் வருடச் சிறை, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவு. போல்ட் உடனே வக்கீல் வைத்தார். வெளியாள் எடுத்தால் அதற்குத் திருட்டு என்று பெயர். போலீஸுக்குப் போகலாம், ஊரும் நம் பக்கம் நிற்கும். இன்னொன்று, ஒட்டானி ஏன் கணக்கைப் பார்க்கவில்லை? கூடப்பிறந்தவனைப் போல நம்பினார். வெளியாளும் வீட்டாளான பிறகுதான் கை வைக்க முடிந்தது!

வீட்டாளே எடுத்தால்?

ஜாக் ஜான்சன் என்று ஓர் அமெரிக்க ஐஸ் ஹாக்கி வீரர். 2011-இல் ஏழு வருடத்துக்கு 3.05 கோடி டாலர் ஒப்பந்தம். பண விவகாரத்தை அப்பா அம்மாவிடம் விட்டு, பவர் பத்திரமும் எழுதிக் கொடுத்திருந்தார். மகன் இனிமேல் வாங்கப்போகும் சம்பளத்தைக் காட்டி அவர்கள் பெரிய வட்டிக்குக் கடனுக்கு மேல் கடன் வாங்கினார்கள். 2014-இல் அவர் திவால் மனு கொடுத்தபோது சொத்து 50,000 டாலருக்கும் கீழே, கடன் ஒரு கோடி டாலருக்கும் மேலே. அவருக்கு அப்போது வயது 27. ஓய்வுபெற்றுத் தடுமாறியவர் இல்லை, களத்தில் ஆடிக்கொண்டிருந்தவர். ஆடாத ஆட்டத்தின் கூலியையும் வீட்டார் முன்கூட்டியே செலவழித்துவிட்டார்கள். கடன்காரர்கள் வந்து நின்றதோ மகன் வாசலில்.

ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை டொமினிக் மோசியானு 14 வயதில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் இருந்தவர். 17 வயதில் கோர்ட்டுக்குப் போய், பெற்றோர் பொறுப்பிலிருந்து தன்னை விடுவிக்கச் சொன்னார். அப்பா கட்டிய பிரமாண்டமான ஜிம்முக்குத் தன் பணம் போய்விட்டது என்பது அவர் புகார். பிள்ளைக்காகத்தான் கட்டுகிறேன் என்று அந்த அப்பா நம்பியிருக்கவும் கூடும். திருடனுக்காவது மனசாட்சி உறுத்தும். பிள்ளைக்காகச் செய்கிறோம் என்று நம்புகிறவரை யார் தடுப்பது?

சரி, நம் கடற்கரைக்கு வாருங்கள். பையன் பெரிய கிளப்பில் சேர்ந்த செய்தி வந்த அன்றைக்கே மாமா போட்டுக்கு எஞ்சின் வாங்கக் கணக்குப் போடுகிறார். அக்காளுக்குச் சீதனம், வீட்டுக்கு மாடி, சித்தப்பாவுக்கு வளைகுடா விசா. கால்மூட்டு ஒருமுறை போனால் இந்தச் சம்பாத்தியம் அதோடு நின்றுவிடும் என்று அவனைத் தவிர யாருக்கும் நினைப்பில்லை. அவன் பாஸ்புக்கைக் கேட்டால், “பெத்த அம்மைகிட்டயா மக்களே கணக்கு கேக்குத?” அப்புறம் அவன் வாயைத் திறப்பானா?

அம்மை செயினை அடகு வைத்துத்தான் பூட்ஸ் வந்தது என்று எதிரணி உருகியது. மறுக்கவில்லை. அந்தச் செயினை மீட்டுக் கொடுக்கட்டும், கூட இரண்டு வாங்கிப் போடட்டும். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் எதற்கு?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச வரும் எதிரணித் தங்கச்சிக்கு ஒரே கேள்வி. ஒட்டானி போலீஸுக்குப் போனார், போல்ட் வக்கீலிடம் போனார். ஜாக் ஜான்சன் எந்த ஸ்டேஷனுக்குப் போய், யார் மேல் புகார் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு வாதத்தைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.