நான்காவது பெயர்: ஜான் டீக்கனின் பேஸ் கிட்டார்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் ராக் இசைக் குழுவான குவீனின் பாட்டுகளைப் பள்ளி வயதில் கேசட் தேயத் தேயக் கேட்டவர்களிடம், அந்தக் குழுவில் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள். பாடகர் ஃபிரெடி மெர்க்குரியின் பெயர் கேள்வி முடியுமுன் வந்துவிடும். சுருட்டை முடிக் கிட்டார்காரர் பிரையன் மே, டிரம்ஸ் வாசித்த ராஜர் டெய்லர் என்று அடுத்த இரண்டும் வரும். நான்காவது பெயருக்கு நெற்றியைத் தேய்ப்பார்கள். ஜான் டீக்கன். கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பேஸ் கிட்டார்.

மறதியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் வாசித்ததில் பாதி அந்தக் கேசட் பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை.

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடித் தந்தியை மீட்டினால் நொடிக்கு 41 அதிர்வுகள். மற்ற மூன்றும் 55, 73, 98. மூன்று அங்குல ஸ்பீக்கர் வைத்த டேப் ரெக்கார்டர் 150க்குக் கீழே உருப்படியாக ஒலிக்காது. இன்றைய கைபேசி ஸ்பீக்கர் அதைவிட மோசம். 300 பக்கம் வந்தால்தான் அதற்குக் குரலே எழும். அப்படியும் ஏதோ பேஸ் கேட்கிறதே என்றால், அது மூளை செய்யும் உபகாரம். 82, 124, 165 என்று மேலே கிளைக்கும் அதிர்வுகளைக் கேட்டு, அடியில் 41 இருந்திருக்க வேண்டும் என்று அது தானாகவே நிரப்பிக்கொள்கிறது. ஸ்வரம் புரிந்துவிடும். கனம் தெரியாது. ஒரு ஸ்வரம் எங்கே தொடங்கி எங்கே நின்றது என்பதும் மங்கிவிடும். டீக்கன் விஷயத்தில் அந்தக் கடைசிச் சங்கதிதான் உயிர். அவருடைய வித்தை, தந்தியை எப்போது நிறுத்துகிறார் என்பதில் இருக்கிறது.

ஆளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்துக்காரர், 1951இல் பிறந்தவர். ஊர்ப் பையன்களின் குழுவில் ரிதம் கிட்டாரில் தொடங்கி, பேஸ் வாசித்தவன் போனதும் அந்த இடத்துக்கு நகர்ந்தார். லண்டன் செல்சீ கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்து முதல் வகுப்பில் தேறினார். 1971இல் குவீனில் சேர்ந்தபோது வயது 19. அதற்குள் அந்தக் குழு மூன்று பேஸ்காரர்களைப் பார்த்து அனுப்பியிருந்தது. பேட்டிகளில் அதிகம் பேசாதவர். குழுவின் வரவு செலவில் மட்டும் கண் வைத்திருப்பார்.

சரி, கேட்பது எப்படி? பெரும்பாலோர் முதலில் செய்யும் தவறு, பேஸ் பூஸ்ட் பட்டனை அழுத்துவது. அது 60 முதல் 100 வரையிலான பகுதியைச் சேர்த்துத் தூக்கிவிடும். அங்கேதான் டிரம்ஸின் கால் அடியும் இருக்கிறது. இரண்டும் குழைந்து 'தொம் தொம்' என்று ஒரே களியாகிவிடும். எது தந்தி, எது தோல் என்று பிரியாது. மாறாக, பேஸை இருந்தபடியே விட்டு, மேலே உள்ளதைக் குறையுங்கள். உங்கள் பிளேயரில் ஒலியைப் பட்டை பட்டையாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் இருந்தால் 3,000க்கு மேலே உள்ள பட்டைகளை 6 டெசிபல் கீழே இறக்குங்கள். சிம்பல், பாடகரின் சகார ஒலிகள், கிட்டாரின் கீறல் எல்லாம் பின்னே போகும். பிறகு 700 முதல் 1,000 வரை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றுங்கள். விரல் தந்தியைத் தொடும் சத்தம் அங்கே இருக்கிறது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டால் காது தானாக அதன் பின்னே கீழே இறங்கும். காதுக்குள் செருகும் இயர்போன் என்றால், ரப்பர் காதை முழுதாக அடைத்திருக்க வேண்டும். விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள்; பேஸ் கூடினால் அதுவரை ஒழுகிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். பெரிய அளவு ரப்பரை மாட்டுங்கள்.

இப்போது பாட்டுக்கு வருவோம். 1980இல் வந்த 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்'. எழுதியவர் டீக்கன். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. பேஸ் மட்டுமில்லை, அதன் ரிதம் கிட்டாரையும் பெரும்பகுதி அவரே வாசித்தார். டெய்லரின் டிரம்ஸ் ஒரு துண்டு டேப்பில் பதிவாகி, வட்டமாக ஒட்டிச் சுழலவிடப்பட்டது. அதனால்தான் அந்தத் தாளம் மூச்சு விடாத இயந்திரம் போல ஒரே சீராக இருக்கிறது. நியூயார்க்கின் சிக் குழுவில் பேஸ் வாசித்த பெர்னார்டு எட்வர்ட்ஸின் 1979ஆம் ஆண்டு வாசிப்பின் சாயல் இதில் வெளிப்படை. அதில் மறைக்க எதுவுமில்லை. டீக்கன் அந்தக் குழுவின் ஸ்டுடியோவுக்குப் போய் உட்கார்ந்து வந்தவர்தான்.

பாட்டின் சுருதி நம் கணக்கில் 3 கட்டை. அடித் தந்தியை வெறுமனே மீட்டினால் அதுவே ஸட்ஜம். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டுகளுக்கு ஃப்ரெட் என்று பெயர். மூன்றாவது ஃப்ரெட்டில் சாதாரண காந்தாரம், ஐந்தாவதில் சுத்த மத்தியமம். மூன்றே ஸ்வரம், ஒரே தந்தி. ம க என்று குட்டியாக ஒரு எடுப்பு, உடனே ஸ, ஸ, ஸ. கொஞ்சம் மௌனம். பிறகு ஸ ஸ ஸ க ஸ ம. அவ்வளவுதான். நிமிடத்துக்கு ஏறக்குறைய 110 தட்டு. எட்டுத் தட்டில், அதாவது நாலரை நொடிக்குள், ஒரு சுற்று முடிந்துவிடும்.

பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்த முதல் வாரத்திலேயே எல்லாரும் இதை வாசித்துவிடுவார்கள். எல்லாரும் தப்பாகத்தான் வாசிப்பார்கள். ஸ்வரம் சரியாக இருக்கும், பாட்டு இருக்காது. ஏனென்றால் வெறும் தந்தி விட்டால் பல நொடி ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒரு தட்டுக்கு அரை நொடிதான். முதல் ஸ அடங்குமுன் இரண்டாவது வந்து அதன்மேல் ஏறிக்கொள்கிறது. டீக்கனின் ஸ அப்படியில்லை. தட்டின் பாதியிலேயே வெட்டு விழுகிறது. மிச்சப் பாதி காலி. அந்தக் காலி இடத்தில்தான் கேட்பவருக்குத் தலை ஆடுகிறது.

வெட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும். வலது கை ஆள்காட்டி விரலால் மீட்டினால், அடுத்து மீட்ட வேண்டிய நடு விரலை முன்கூட்டியே தந்தியின் மேல் கொண்டுவந்து வையுங்கள். தந்தி அடங்கும்; விரலும் அடுத்த மீட்டலுக்குத் தயாராக இருக்கும். அதே நேரத்தில் இடது கையின் மூன்று விரல்களைத் தந்தியின்மேல் லேசாகப் படுக்க வையுங்கள். அழுத்தக் கூடாது. ஒரே விரலை மட்டும் வைத்தால் ஒரு வம்பு வரும்: 5, 7, 12 ஆகிய ஃப்ரெட்டுகளுக்கு நேர் மேலே ஒற்றை விரல் பட்டால் தந்தி அடங்காமல் மணிபோல ஒரு மேல் ஸ்தாயி ஒலி கிளம்பும். மத்தியமத்துக்காக உங்கள் விரல் ஐந்தாவது ஃப்ரெட் பக்கத்தில்தானே திரிகிறது, எனவே இது அடிக்கடி நடக்கும். இரண்டு மூன்று விரல் சேர்ந்து படுத்தால் நடக்காது.

இன்னொரு திருடன், அடுத்த தந்தி. ஐந்தாவது ஃப்ரெட்டில் வரும் மத்தியமமும் பக்கத்துத் தந்தியின் வெறும் ஒலியும் ஒரே 55 அதிர்வு. ஒன்றை மீட்டினால் மற்றொன்று தொடாமலே கூட அதிரும். காந்தாரம் 49, மேல் தந்தி 98, சரியாக இரட்டிப்பு, அதுவும் முனகும். வெட்டி வாசித்தும் பின்னால் ஒரு முணுமுணுப்பு மிஞ்சுகிறதே என்று ஆம்பை, அதாவது ஒலிபெருக்கிப் பெட்டியை, சந்தேகப்படுவார்கள். ஆம்பில் கோளாறில்லை. ஃப்ரெட்டை அழுத்தும் விரலின் அடிப்பகுதி பக்கத்துத் தந்தியைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். வலது கைக் கட்டை விரலையோ மிச்ச விரல்களையோ மற்றத் தந்திகளின்மேல் சாய்த்து வையுங்கள்.

தந்திகளின் அடியில், அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் ஓரத்தில், பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சை நறுக்கிச் செருகுவது பழைய வழி. ஒலி சீக்கிரம் சாகும், அறுபதுகளின் பதிவு போல இருக்கும். ஆனால் எல்லா ஸ்வரமும் ஒரே நீளத்தில் சாகும். இந்தப் பாட்டுக்கு அது போதாது. கடைசி மத்தியமம் மட்டும் சற்றே நீண்டு தொங்க வேண்டும், ஸட்ஜங்கள் குட்டையாக இருக்க வேண்டும். அது விரலால்தான் முடியும்.

பழகும்போது, தட்டு எண்ணிக்கொடுக்கும் மெட்ரோனோமை 110க்கு வைக்காதீர்கள். 60இல் தொடங்கி, கைபேசியில் பதிவு செய்து, மௌனத்தை மட்டும் கேளுங்கள். மௌனத்தில் ஓசை இருந்தால் வேகம் கூட்ட வேண்டாம். பிறகு 80, 100, 110. கடைசியாக மெட்ரோனோமை 55க்கு இறக்கி, அதன் 'டிக்' இரண்டாவது, நாலாவது தட்டில் விழுவதாக நினைத்துக்கொண்டு முழு வேகத்தில் வாசியுங்கள். இங்கே எல்லாரும் சறுக்குவது அந்த மௌனத்தில்தான். காலி இடம் பயமுறுத்தும், கை அவசரப்பட்டு அடுத்ததை எடுத்துவிடும். வீட்டில் சாதாரண கிட்டார் ஆம்ப் மட்டும் இருந்தால் சத்தத்தைத் தாழ்த்தியே வாசியுங்கள். அதன் ஸ்பீக்கர் காகிதம் 41 அதிர்வுக்குத் தாங்காது, கிழியும்.

இதற்கு நேர் எதிர் குணம் 1981இல் ஆங்கிலப் பாடகர் டேவிட் போவியுடன் சேர்ந்து செய்த 'அண்டர் பிரஷர்'. சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ ஊர் ஸ்டுடியோவில் உருவானது. சுருதி 2 கட்டை. ஆறு தடவை ஸ, பிறகு கீழே ஒரு ப. உலகம் முழுக்க அடையாளம் தெரிகிற அந்த பேஸ் துண்டில் இருப்பது இரண்டே ஸ்வரம், அதுவும் நம் தம்புராவின் இரண்டு ஸ்வரம். தம்புரா அவற்றை மிதக்கவிடுகிறது. டீக்கன் தட்டோடு ஆணி அடிக்கிறார். ஸட்ஜம் இரண்டாவது தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட், பஞ்சமம் அடித் தந்தியின் அதே ஐந்தாவது ஃப்ரெட். ஒரே விரலைத் தட்டையாக வைத்து இரண்டையும் அழுத்தினால் இரண்டும் சேர்ந்து ஒலித்துச் சேறாகும். விரல் நுனியில் ஸட்ஜத்தை முடித்து, பிறகே பஞ்சமத்துக்கு உருட்ட வேண்டும். இதை யார் கண்டுபிடித்தது என்பதில் அந்த அறையில் இருந்தவர்களே ஒத்துப்போகவில்லை. மேயும் டெய்லரும் டீக்கன் என்கிறார்கள். டீக்கனோ போவியைக் கை காட்டினார். சாப்பிடப் போய்விட்டு வந்ததும் டீக்கனுக்கு அது மறந்துபோயிற்று என்றும் கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1989இல் வந்த 'த மிராக்கிள்' இசைத்தட்டிலிருந்து எல்லாப் பாட்டுக்கும் குழுவின் பெயரையே போட்டார்கள்; அதன்பின் எது யாருடையது என்று வெளியாட்களுக்குப் பிரித்துச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

வானொலியில் பேசிக்கொண்டு ஒரு விஷயத்தை விட்டுவிட்டுப் போக முடியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் லண்டன் தெருக் குப்பைத் தொட்டி ஒன்றில் கிடந்த சர்க்யூட் பலகையை டீக்கன் எடுத்துவந்தார். அது சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றின் பலகை. அதைப் பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்து, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆம்ப் ஆக்கினார். சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் திருகு கிடையாது. டோன் கிடையாது. போட்டால் ஓடும். உள்ளே ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள். தாங்க முடியாத அளவு சிக்னலை உள்ளே தள்ளினால் ஒலி வெடுக்கென்று உடையாமல் மெதுவாக நசுங்கும். அந்த நசுங்கல்தான் பிரையன் மேக்குப் பிடித்துப்போயிற்று. 1975இல் வந்த 'குட் கம்பெனி' பாட்டில் கிளாரினெட், டிராம்போன் போலக் கேட்கும் ஜாஸ் வாத்தியங்கள் எல்லாம் மேயின் கிட்டார். அந்த ரேடியோப் பலகை வழியாக வந்தது. டீக்கனின் பெயரால் 'டீக்கி ஆம்ப்' என்று அதற்குப் பெயர் நிலைத்தது. பேஸ்காரர் செய்துகொடுத்த பெட்டி, புகழ் கிட்டாருக்கு.

அதே 1975இல் 'யூ ஆர் மை பெஸ்ட் ஃபிரண்ட்' பாட்டை எழுதினார். அதில் வரும் வுர்லிட்சர் எலக்ட்ரிக் பியானோவையும் அவரே வாசித்தார். மெர்க்குரிக்கு அந்த வாத்தியம் பிடிக்காது. அந்த இசைத்தட்டிலேயே '39' என்ற பாட்டுக்கு மே விளையாட்டாக டபுள் பேஸ் கேட்டார். ஆள் உயரம், ஃப்ரெட் கிடையாது, தந்தியின் நீளம் பேஸ் கிட்டாரைவிட ஏறக்குறைய அரை முழம் கூடுதல். சில நாளில் டீக்கன் அதைக் கற்றுக்கொண்டு ஸ்டுடியோவில் நின்றிருந்தார்.

அடக்கி வாசிப்பவர் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். 1976இன் 'த மில்லியனர் வால்ட்ஸ்' பாட்டின் முதல் பகுதியில் டிரம்ஸ் ஒதுங்கியிருக்கிறது. பியானோவும் குரலும் பேஸும்தான். வழக்கமாகத் தாளத்தின் தோளில் சாய்ந்து நிற்கிற பேஸ் அங்கே மூன்று மூன்றாக எண்ணும் வால்ட்ஸ் தாளத்தில் பாடகருக்குப் பதில் பேசிக்கொண்டே போகிறது. மேல் ஃப்ரெட்டுகளில் ஏறி, பாட்டு வரி முடிகிற இடத்தில் இறங்கி வந்து உட்காருகிறது. என் கணக்கில் அவருடைய உச்சம் அதுதான். பிரபலமான இரண்டு துண்டும் அதற்கு அப்புறம்தான்.

மெர்க்குரி 1991இல் இறந்தபின் டீக்கன் சில மேடைகளில் மட்டும் தோன்றினார். 1997 ஜனவரியில் பாரிஸில் கடைசியாக. அதோடு சரி. 2001இல் ராக் இசையின் கௌரவ மண்டபத்தில் குழுவைச் சேர்த்த விழாவுக்கும் அவர் வரவில்லை.

இந்த உரைக்குப் பின் 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' ஒலிக்கும். இயர்போனை நன்றாக அழுத்திக்கொள்ளுங்கள். பாடகர் வாய் திறக்குமுன் பேஸும் டிரம்ஸும் மட்டும் ஓடும் சுற்றுகள் வரும். மூன்றாவது ஸட்ஜம் நின்றதும் எண்ணுங்கள்: அடுத்த மீட்டல் வருவதற்குள் பேஸிலிருந்து எதுவும் கேட்கிறதா?