தபாலில் போன வலி

இந்தத் தாளைப் பாருங்கள். கேமராவுக்குக் கிட்டக் காட்டுகிறேன். இரண்டு பக்கம் நிறைய என் முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருக்கிறேன். முன்பெல்லாம் தூரத்து நோயாளிகள் இப்படிக் கடிதம் எழுதித்தான் டாக்டரிடம் வைத்தியம் கேட்டார்கள். அதைச் செய்து பார்க்க எனக்கு நானே வைத்துக்கொண்ட பரீட்சை இது. போட்டோ கிடையாது, வீடியோ கால் கிடையாது, ஸ்கேன் கிடையாது. என்னை நேரில் பார்க்கவே போகாத ஒரு டாக்டருக்குப் புரியும்படி வலியை வெறும் வார்த்தையில் சொல்ல வேண்டும். முக்கால் மணி நேரம் பிடித்தது. "குத்துகிறது" என்று எழுதி அடித்தேன். "இழுக்கிறது" என்று எழுதி அதையும் அடித்தேன். டாக்டராக இருக்கும் ஒரு நண்பரிடம் இதை அப்படியே படிக்கக் கொடுத்தேன். அவர் கேட்டதைக் கடைசியில் சொல்கிறேன். கொஞ்சம் மானக்கேடுதான்.

சரி, இப்போது தாளை மடிக்கிறேன். இப்படி மூன்றாக. அப்புறம் குறுக்கே இன்னொரு மூன்றாக. இந்த முனையை அந்த மடிப்புக்குள் செருகினால் தாளே உறையாகிவிடும். மேலே அரக்கு, பின்பக்கம் முகவரி. அந்தக் காலத்தில் தனியாக உறை போட மாட்டார்கள். பிரிட்டனில் 1840க்கு முன்பு தபால் கட்டணத்தைத் தூரத்தையும் தாள் எண்ணிக்கையையும் வைத்துப் போட்டார்கள், உறையும் ஒரு தாளாகக் கணக்கு. பெரும்பாலும் கடிதத்தை வாங்குகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். அதனால் ஓரம் வரைக்கும் நெருக்கி நெருக்கி எழுதுவார்கள்.

இப்படி வந்த கடிதங்கள் ஆயிரக்கணக்கில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கின்றன. வில்லியம் கல்லன் என்ற மருத்துவப் பேராசிரியருக்கு வந்தவை. 1710இல் பிறந்து 1790இல் இறந்தவர். தன் வகுப்பறையிலும் வீட்டிலும் இருந்துகொண்டே, எங்கெங்கோ இருந்த நோயாளிகளுக்கு வைத்தியம் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அவருடைய பதில்களும் கூடவே கிடைப்பது. அனுப்பிய கடிதம் அனுப்பினவரிடம் எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். நீராவி இயந்திரத்துக்குப் பேர் போன ஜேம்ஸ் வாட் ஒரு நகல் இயந்திரமும் செய்தார். மை முழுதாகக் காய்வதற்குள் ஈரமான மெல்லிய தாளை எழுத்தின் மேல் வைத்து அழுத்துவார்கள். எழுத்து அதில் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறி ஒட்டிக்கொள்ளும், தாள் மெல்லியது என்பதால் மறுபக்கம் திருப்பினால் நேராகப் படிக்கலாம். கல்லன் 1781இலிருந்து அதைப் பயன்படுத்தினார். நோயாளி எழுதியதும் டாக்டர் சொன்னதும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், இரண்டு பேர் பேசுவதை ஒட்டுக்கேட்பது போல இருக்கும்.

பல கடிதங்களை நோயாளி எழுதவில்லை. கணவர் எழுதுகிறார், அண்ணன் எழுதுகிறார், உள்ளூர் வைத்தியரே "எனக்குப் பிடிபடவில்லை, நீங்கள் சொல்லுங்கள்" என்கிற தோரணையில் எழுதுகிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர், கட்டணம் கொடுக்க முடியாதவர் இந்தக் கட்டுகளில் அபூர்வம். இதை நாம் மறந்துவிடக் கூடாது. வசதியான வீட்டு வயிற்றுவலிதான் நமக்கு மிச்சமாகியிருக்கிறது.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்தின் லோசானில் சாமுவேல் டிசோ என்று ஒருவர். அவர் பெயருக்கு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. நோயாளிகள் எதையோ எழுதி, வேண்டியதை விட்டுவிடுகிறார்கள் என்று மனிதருக்கு அலுத்திருக்க வேண்டும். 1761இல் சாதாரண மக்களுக்காக ஒரு மருத்துவப் புத்தகம் போட்டார், அதில் ஒரு கேள்விப் பட்டியலே கொடுத்துவிட்டார். வயது என்ன, முன்னால் ஆரோக்கியமாக இருந்தவரா, எத்தனை நாளாக நோய், எப்படி ஆரம்பித்தது, தாகம் உண்டா, தூக்கம் வருகிறதா, மலம் எப்படி, சிறுநீர் எப்படி, இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள். இன்றைக்கு ஆஸ்பத்திரி ஓபியில் நிரப்புகிற படிவத்தின் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம்.

ஆனால் இது ஐரோப்பியர் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் எசர்ஹத்தோனுக்கு உராத்-நனாயா என்ற வைத்தியர் களிமண் பலகையில் எழுதியிருக்கிறார். ஒருவருக்கு மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. கூட இருப்பவர்கள் பஞ்சை மூக்கின் மேல் பக்கமாக வைத்து அழுத்துகிறார்கள். விவரம் தெரியாமல் செய்கிறார்கள், நாசித் துவாரத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள், ரத்தம் நிற்கும் என்கிறார். கிட்டத்தட்ட 2700 வருஷம் கழித்தும் அந்த எரிச்சல் அப்படியே கேட்கிறது. தூரத்து வைத்தியத்தின் தலைவலியே அதுதான். சொல்கிறவர் ஒரு இடம், கை வேறொரு இடம்.

கடிதம் எழுத வராதவர்கள் சிறுநீரைக் குடுவையில் ஆள் மூலம் அனுப்பினார்கள், வைத்தியர் அதைப் பார்த்தே நோயைச் சொல்வார். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நடந்தது. இதில் ஒரு கதை உண்டு. 10ஆம் நூற்றாண்டில் இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள சான்க்ட் காலன் மடத்தில் நோட்கர் என்ற துறவி வைத்தியர். பவேரியா கோமகன் அவரைச் சோதிக்க, தன்னுடையது என்று சொல்லி ஒரு பணிப்பெண்ணின் சிறுநீரை அனுப்பினாராம். நோட்கர் பார்த்துவிட்டு, "கடவுள் அதிசயம் செய்யப் போகிறார், இன்னும் ஒரு மாதத்தில் கோமகன் குழந்தை பெறுவார்" என்றாராம். மடத்து வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, மாட்டிக்கொண்டவர் முகத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இவ்வளவு நாள் ஓடிய கடித வைத்தியம் ஏன் மங்கியது? அதற்கும் ஒரு காகிதம்தான் தொடக்கம். 1816இல் பாரிஸில் லேனெக் என்ற மருத்துவர், ஒரு பெண்ணின் இதயத் துடிப்பைக் கேட்க வேண்டும், மார்பில் காதை வைக்கக் கூச்சம். தாள்களைச் சுருட்டிக் குழாயாக்கி ஒரு முனையை அவர் மார்பிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்தார். இதோ, இப்படி. ஸ்டெதாஸ்கோப் அங்கிருந்து வந்தது. அதுவரை நோயாளி சொல்வதுதான் பெரிய சாட்சி. அப்புறம் உடம்பே நேரடியாகப் பேச ஆரம்பித்துவிட்டது. உடம்பைத் தபாலில் அனுப்ப முடியாதே.

பக்கத்தில் டாக்டரே இல்லாத இடத்தில் பழைய சிக்கல் போகவில்லை. ஆஸ்திரேலியாவில் பறக்கும் டாக்டர் சேவை 1928இல் தொடங்கியது. அடுத்த வருஷம் மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோ வந்தது. பிற்பாடு பண்ணைகளுக்கு எண் போட்ட மருந்துப் பெட்டியும் எண் போட்ட உடம்புப் படமும் கொடுத்தார்கள். "எந்த எண்ணில் வலிக்கிறது?" என்று டாக்டர் ரேடியோவில் கேட்பார். கப்பலிலும் இப்படி எண் போட்ட மருந்து உண்டு, அதை வைத்துக் கப்பல்காரர்கள் ஒரு ஜோக் சொல்வார்கள்: 15ஆம் மருந்து தீர்ந்துபோனதால் 7ஐயும் 8ஐயும் கலந்து கொடுத்த கேப்டன் கதை.

சரி, என் நண்பர் விஷயம். இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். படியேறும்போது எப்படி, காலையில் எப்படி, மழை நாளில் எப்படி, எல்லாம் எழுதியிருந்தேன். நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்வி கேட்டார்: "எந்தக் கால்?"

எழுதவே இல்லை. கல்லன் காலமாக இருந்தால் அந்த ஒரு கேள்வி தபாலில் போய் வருவதற்குள் வலியே போயிருக்கும்.